ரைன் கரைக்குக் கொண்டுபோன தேற்றம்

திருப்பூரிலிருந்து ஜெர்மனிக்குப் போகிறவர்கள் பனியன் சாம்பிளோடு போய் ஆர்டரோடு திரும்புவார்கள். என் பெட்டியிலும் பனியன் துணிதான் நிறைய இருந்தது. அவை நான் உடுத்துவதற்கு. அப்பா வேலை செய்யும் கம்பெனியில் ஏற்றுமதிக்குத் தேறாது என்று ஒதுக்கியவை. அங்கே கொடுப்பதற்கென்று நான் கொண்டுபோனது கைப்பையில் இருந்த சில பிளாஸ்டிக் தாள்கள் மட்டும்தான். விளக்கின் மேல் வைத்தால் சுவரில் பெரிதாக விழும் தாள்கள். அவற்றில் என் கையெழுத்தில் ஒரு தேற்றமும் அதன் நிறுவலும் இருந்தன.

அப்பா திருப்பூரில் மண்ணரைப் பகுதியில் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறார். அம்மா அதே தெருவில் செக்கிங் வேலைக்குப் போகிறார். தைத்து வந்த பனியனைப் புரட்டிப் பார்த்து, பிசிர் நூலை வெட்டி, ஓட்டை இருந்தால் ஒதுக்கிப் போடும் வேலை. இருவருக்கும் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். இரண்டு பக்கத்து உறவிலும் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான்தான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. கற்றுக்கொள்ளும் விருப்பமும் இல்லை.

சென்னையில் பொதுச் சார்பியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். என் பாடம் சிங்குலாரிட்டி. தமிழில் ஒருமைப்புள்ளி என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் திருப்தியில்லை, ஏனென்றால் அது புள்ளியே இல்லை. விரல் வைத்துக் காட்டக்கூடிய இடம் எதுவும் அங்கே கிடையாது. தன் வழியில் போய்க்கொண்டிருக்கிற ஒருவருக்கு, அவர் கைக்கடிகாரப்படி ஒரு நேரத்தோடு வழி முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் இடமும் இல்லை, காலமும் இல்லை. இப்படி முடிகிற வழி ஒன்று இருந்தால் அந்தக் காலவெளியில் சிங்குலாரிட்டி இருக்கிறது என்போம்.

எப்போது அப்படி முடியும் என்பதற்குச் சில தேற்றங்கள் உண்டு. ஒரு கணத்தில் உலகம் முழுவதும் எல்லாமே ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டிருக்க வேண்டும். அந்த நெருக்கம் எங்கேயும் ஓர் அளவுக்குக் கீழே போகக்கூடாது. அப்படியானால் எல்லா வழிகளும் முடிந்தே தீரும். நான் அந்த இரண்டாவது நிபந்தனையைத் தூக்கிவிட்டேன். மெதுவாகவோ வேகமாகவோ, எல்லா இடத்திலும் நெருங்கினால் போதும் என்று நிறுவியிருந்தேன். என் நெறியாளர் ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தவர், வேறு துறையில் பழகியவர். படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்.

ரைன் நதிக்கரையில் ஒரு சிறிய ஊரில் நடந்த கோடைப் பயிற்சிக்கு அந்தத் தேற்றத்தை வைத்துத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். கடைசி வாரத்தில் இளையவர்கள் ஆளுக்கொரு உரை நிகழ்த்த வேண்டும். அதில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து ஒரு வருடம் அங்கேயே வைத்துக்கொள்வார்கள். எனக்கு உதவித்தொகை அந்த மாதத்தோடு முடிகிறது. அந்த வருடம் கிடைத்தால் ஆராய்ச்சி தொடரும். கிடைக்காவிட்டால் அவிநாசி ரோட்டில் ஒரு கல்லூரியில் வேலைக்கு அப்பா பேசி வைத்திருந்தார். கிளம்பும்போது அம்மா சொன்னது இவ்வளவுதான்: "ஒன்னு அது, இல்லாட்டி இது. ரெண்டுக்கும் நடுவுல தொங்கீட்டு நிக்கக் கூடாது கண்ணு."

நான் தொங்குவதாக இல்லை. கிடைத்துவிடும் என்றே போனேன்.

போய்ச் சேர்ந்த முதல் நாள் தூங்க முடியவில்லை. கோடை என்று பேர்தான், குளிர் இருந்தது. ஆனால் காரணம் அது இல்லை, சத்தமின்மை. எங்கள் தெருவில் ஷிப்டு மாறும்போது மெஷின் நின்றால்தான் விழிப்பு வரும். இங்கே எல்லா மெஷினும் சேர்ந்து நின்றுவிட்டது போல் இருந்தது. என்னவோ ஆகிவிட்டது, கரண்ட் போய்விட்டது என்று உடம்பு எழுந்து எழுந்து உட்கார்ந்தது.

விடுதி ஒரு மேட்டின் மேல். கீழே போக டிராம் உண்டு. நான் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறினேன், கையில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தேன். எதிரே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர் எழுந்து ஓர் அட்டையைக் காட்டி டிக்கெட்டைக் கேட்டார். சாதாரணச் சட்டைதான் போட்டிருந்தார், காக்கி இல்லை. பெருமையாகக் கொடுத்தேன். அவர் புரட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார். வாங்கினால் போதாதாம். உள்ளே ஒரு பெட்டியில் செருகி முத்திரை விழ வைக்க வேண்டுமாம். வித்தவுட் என்று நினைத்திருப்பார்கள். நம் ஊர் பஸ்ஸில் நாம் எங்கே உட்கார்ந்தாலும் கண்டக்டர் தேடி வருவார், விசில் கொடுப்பார், சில்லறை இல்லையென்றால் திட்டுவார். இங்கே நம்மையே நம்பி விட்டுவிடுகிறார்கள், பிறகு சாதாரணச் சட்டையில் வந்து பிடிக்கிறார்கள். அவர் முதல் தடவை என்று விட்டுவிட்டார். டிராமில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நம் ஊராக இருந்தால் நாலு பேர் எனக்காகவும் நாலு பேர் எனக்கு எதிராகவும் பேசியிருப்பார்கள். அது நடக்காததுதான் எனக்கு அதிக அவமானமாக இருந்தது.

சாப்பாட்டில் மத்தியானம் மட்டும் சூடு. இரவில் ரொட்டி, பாலாடைக்கட்டி, வெள்ளரிக்காய், எல்லாமே குளிர்ந்தவை. அடுப்பு பற்ற வைக்காமல் ஒரு நாட்டில் எல்லாரும் இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொள்வதை நம்ப எனக்குச் சில நாட்கள் பிடித்தன. ரொட்டி கறுப்பாக, புளிப்பாக, கம்மங்களி ஆறி இறுகியது போல இருக்கும். மோர் ஊற்றிக் கரைக்க முடியாது என்பதுதான் வித்தியாசம்.

விடுதியின் பொதுச் சமையலறையில் ஒரு நாள் அரிசிம்பருப்பு சாதம் வைத்தேன். துவரம்பருப்பு கிடைக்கவில்லை, ஏதோ சிவப்புப் பருப்பு. சின்ன வெங்காயத்துக்குப் பெரிய வெங்காயம். பக்கத்து அறையில் எவா என்று ஒரு போலந்துப் பெண் இருந்தாள். எங்கள் பயிற்சியில் சேர்ந்தவள் இல்லை, பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் மொழி படிக்க வந்தவள். வாசனைக்கு எட்டிப் பார்த்தாள். ஒரு தட்டு கொடுத்தேன். நின்றுகொண்டே சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்து, நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இன்னொரு கரண்டி போட்டுக்கொள் என்று சொல்ல நான் கரண்டியோடு நின்றது அவளுக்குத் தெரியாது.

வகுப்பில் எனக்குத் தெரியாத பாடம் எதுவும் இல்லை. அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை. இடைவேளையில் இத்தாலிக்காரர்கள் ஒரு வட்டம், ஸ்பானிய மொழி பேசுகிறவர்கள் ஒரு வட்டம், ஆங்கிலேயர்கள் சன்னலோரம். நான் கரும்பலகையில் மிச்சமிருந்த சமன்பாட்டைப் பார்த்துக்கொண்டு காப்பி குடிப்பேன். யாராவது பார்த்தால் யோசிக்கிறாள் என்று நினைக்கட்டும். பயிற்சியை நடத்திய பேராசிரியர் உயரமான, மெதுவாகப் பேசும் மனிதர். முதல் வாரத்தில் ஒரு தடவை என்னிடம் வந்து, உங்கள் உரைத் தலைப்பைப் பார்த்தேன், ஆவலாக இருக்கிறேன் என்றார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் பல நாட்கள் ஓட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரை யாரோ பூட்டி வைத்துவிட்டார்கள். கடை இல்லை, சந்தை இல்லை. டிராமும் எப்போதோ ஒன்று. திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமைதான் சம்பளம் வாங்கிய கூட்டம் தெருவில் நிற்கும். நான் எவாவோடு டிராம் நிறுத்தத்தில் காத்திருந்தேன். மெல்லிய பனியன் துணியில் மேல் சட்டை, அதற்கு மேல் சால்வை. பக்கத்தில் இரண்டு வயதான பெண்கள் என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். என் நிறத்தைப் பற்றி ஏதோ சொல்கிறார்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். டிராமில் அவர்களும் எங்களோடு ஏறி, இடையில் இறங்கிப்போன பிறகு எவாவிடம் கேட்டேன். "அந்தப் பெண்ணுக்குக் குளிரும், யாராவது சொல்ல வேண்டும் என்றாள் ஒருத்தி. நாம் சொன்னால் தப்பாக நினைப்பாள் என்றாள் மற்றவள்" என்று எவா மொழிபெயர்த்தாள். நான் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

இரண்டாம் வாரத்தில் விடுதிக்கு எனக்கு ஒரு தொலைபேசி வந்தது. பேசியது ரபீக் அண்ணன். அப்பாவின் கம்பெனியில் மெர்ச்சன்டைசர். வெளிநாட்டு பையரோடு, அதாவது சரக்கு வாங்குகிறவரோடு பேசுவதும், சாம்பிளுக்கு அலைவதும், லாரி ஏறும்வரை தூங்காமல் இருப்பதும் அவர் வேலை. கொலோனில் பையரைப் பார்க்க வந்திருக்கிறாராம். அம்மா கொள்ளுப்பொடி கொடுத்து அனுப்பியிருக்கிறாராம். வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ள முடியுமா என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, பையர் பேசுவது தனக்குப் பாதிதான் பிடிபடுகிறது, கூட வந்து நின்றால் புண்ணியமாகப் போகும் என்றார். வெள்ளிக்கிழமை பிற்பகல் எங்களுக்கு வகுப்பு இல்லை.

ரயில் நதியை ஒட்டியே போனது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் திராட்சைத் தோட்டம் செங்குத்தாக ஏறும் மலை. சரியான ரயில்தான். ஆனால் நடுவில் ஒரு நிலையத்தில் அதை இரண்டாகக் கழற்றி, முன்பாதியைக் கொலோனுக்கும் பின்பாதியை வேறெங்கோவும் அனுப்பினார்கள். ஒலிபெருக்கியில் சொல்லியிருப்பார்கள். நான் பின்பாதியில் இருந்தேன். நதி விலகிப் போனதைப் பார்த்துத்தான் சந்தேகம் வந்தது. ஒரு குக்கிராமத்தில் இறங்கி, திரும்பும் ரயிலுக்குக் காத்திருந்து, கொலோன் போய்ச் சேர்ந்தபோது நன்றாகத் தாமதமாகியிருந்தது.

நிலையத்துக்கு வெளியே வானத்தை மறைத்து நின்ற தேவாலயத்தின் கீழே ரபீக் அண்ணன் இரண்டு சாம்பிள் பெட்டிகளோடு நின்றிருந்தார்.

"என்னுங்கம்மிணி, இப்படி எளச்சுப் போயிட்டீங்க. அம்மா பாத்தா என்னையல்லங்க வைவாங்க."

ரயில் இரண்டாகப் பிரிந்துபோன கதையைச் சொன்னேன்.

"ரயிலெல்லாமா பிரியுது இங்க? நம்மூர்ல பார்ட்னருங்கதானுங்க பிரிவாங்க. அதும் போர்டு மாட்டி ஒரு வருசம் கழிச்சு."

பல நாட்களுக்குப் பிறகு சிரித்தேன். வாய் வலித்தது.

நிலையத்தின் பின்னால் துருக்கிக்காரர்களின் பள்ளிவாசல் ஒன்றைக் கண்டுபிடித்து ஜும்மா தொழுகையை முடித்துவிட்டு வந்திருந்தார். அதற்குப் பக்கத்துக் கடைக்கே கூட்டிப்போய் எனக்கும் ஒரு கிண்ணம் பருப்பு சூப் வாங்கித் தந்தார். எலுமிச்சை பிழிந்து, சீரகம் போட்டு, சூடாக. நம்ம பருப்பு ரசமாட்டத்தான் இருக்குது, குடியுங்க என்றார். இரண்டாவது கிண்ணத்தை நான் கேட்காமலே கொண்டுவரச் சொன்னார். சாப்பிடும்போது ஊர்ச் செய்தியெல்லாம் சொன்னார். அப்பா டீக்கடையில் என்னைப் பற்றிப் பேசுகிறாராம். என்ன பேசுகிறார் என்றேன். "எம்புள்ள உலகம் எப்ப முடியும்னு கணக்குப் போட்டிருக்குதுங்கறாரு. எனக்கு ஷிப்மென்ட் முடிஞ்ச பொறவு முடிஞ்சாப் போதும்னு நானு சொன்னேன்."

பையரின் அலுவலகம் ஒரு கண்ணாடிக் கட்டிடத்தின் மூன்றாவது மாடி. நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய ஓர் அம்மாள் எங்களை வரவேற்றார். கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது அவர் முகத்தில். மேசையில் எங்கள் கம்பெனி அனுப்பிய டி சர்ட்டை விரித்தார். உள்பக்கத்தை வெளியே புரட்டினார். பக்கவாட்டில் அக்குளிலிருந்து கீழ்வரை ஓடிய தையலை விரலால் தடவிக் காட்டினார். பிறகு சிறு கத்தரிக்கோலை எடுத்து அந்தத் தையலைப் பிரித்தார். சட்டை பிரியவில்லை. அப்படியே முழுதாக இருந்தது.

"இந்தத் தையல் எதையும் எதோடும் இணைக்கவில்லை. பிறகு எதற்கு இது?" என்று என்னிடம் கேட்டார்.

நான் ரபீக் அண்ணனைப் பார்த்தேன். அவருக்கு வேர்த்துவிட்டது. அந்தக் குளிரில்.

விஷயம் இதுதான். எப்படித் தைக்க வேண்டும் என்று பையர் எழுதி அனுப்பிய ஸ்பெக்கில் பக்கத் தையல் வேண்டும், துவைக்கும் முறை எழுதிய லேபிளை அந்தத் தையலில் செருக வேண்டும் என்று இருந்தது. எங்கள் ஊரில் துணி வட்ட மெஷினில் குழாயாக இறங்கும். உடம்பு அளவுக்கே குழாய். கழுத்தையும் கையையும் வெட்டித் தைத்தால் சட்டை. பக்கத்தில் தைக்க ஒன்றும் இருக்காது. பக்கத் தையல் என்றால் பார்வைக்கு ஒரு கோடு கேட்கிறார்கள் என்று நினைத்து, முழுக் குழாயின் இரண்டு ஓரத்திலும் மடித்து ஓவர்லாக் தையல் ஓட்டிவிட்டார்கள். லேபிள் உட்கார ஓர் இடமும் ஆச்சு.

"துணியே குழாயாத்தானுங்க வருது," என்றார் ரபீக் அண்ணன் தணிந்த குரலில். "அதுல பக்கம் ஏதுங்க? கேட்டாங்க, போட்டுட்டோம். இப்படிச் சொல்லீருங்கம்மிணி."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். எங்களிடம் துணி எப்போதும் குழாய். அதற்குப் பக்கங்கள் கிடையாது.

அந்த அம்மாள் ஆச்சரியத்தோடு சிரித்தார். "எங்களுக்குத் துணி என்றால் விரித்துப் போட்ட தாள். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று வெட்டி இணைப்போம். நீங்கள் எப்போதும் குழாய் என்றே வைத்துக்கொண்டீர்களா? கேட்டிருக்கலாமே."

அவர் ரபீக் அண்ணனைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் எனக்கு என் தேற்றம் நினைவுக்கு வந்தது.

நான் காலவெளியை வரையும்போதெல்லாம் குழாயைத்தான் வரைவேன். மேலிருந்து கீழாகக் காலம், சுற்றி வருவது வெளி. அப்பாவின் மெஷினுக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய நாளிலிருந்து என் கைக்கு அந்தப் படம் வரும். நிறுவலில் ஒரு வரி இருந்தது: எல்லா இடத்திலும் நெருக்கம் இருப்பதால், எங்கோ ஓரிடத்தில் அது மிகக் குறைவாக இருக்கும், அந்தக் குறைந்த அளவை எடுத்துக்கொள்வோம். குழாயைச் சுற்றி வந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுவோம். அதனால் மிகக் குறைவான இடம் ஒன்று நிச்சயம் உண்டு. எல்லையில்லாமல் விரிந்து கிடக்கும் வெளியில் அப்படி இல்லை. போகப் போக நெருக்கம் குறைந்துகொண்டே போகலாம். எங்கும் பூஜ்யமாகாது, ஆனால் இதுதான் கடைசி, இதற்குக் கீழே இல்லை என்று ஓரிடமும் இருக்காது. எடுத்துக்கொள்வோம் என்று நான் எழுதிய அளவு அங்கே இல்லவே இல்லை.

எல்லாக் காலவெளிக்கும் நிறுவிவிட்டதாக நினைத்திருந்தேன். குழாய்க்கு மட்டும்தான் நிறுவியிருந்தேன். குழாய்க்கு அது ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்த செய்தி.

பேச்சு முடிந்து வெளியே வந்தோம். அடுத்த லாட்டில் துணியை நடுவே பிளந்து, விரித்து வெட்டி, உண்மையான பக்கத் தையல் போட்டுத் தருவது என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஆர்டர் தப்பித்தது. ரபீக் அண்ணன் நிலையம்வரை எனக்கு நன்றி சொல்லிக்கொண்டே வந்தார். நான் அந்த வரியையே நினைத்துக்கொண்டு நடந்தேன்.

"ஏனுங்கம்மிணி, ஒடம்புக்கு ஏதாச்சுங்களா?"

இல்லீங்கண்ணா என்றேன். ரயில் ஏறும்போது முன்பாதியா பின்பாதியா என்று அவரே ஒரு ஊழியரிடம் சைகையில் கேட்டு உறுதி செய்துகொண்டு என்னை ஏற்றிவிட்டார். ரயில் நகர்ந்த பிறகும் பெட்டிகளைக் கீழே வைக்காமல் நின்றிருந்தார்.

அதற்கடுத்த நாட்களில் நான் வகுப்புக்குப் போனேன், குறிப்பு எடுத்தேன், ஒன்றும் காதில் விழவில்லை. ஓட்டையை அடைக்க முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை. பிறகு அது அடைபடவே படாத ஓட்டை என்று நிரூபிக்கும் ஓர் உதாரணம் கிடைத்தது. நதிக்கரையில் கொள்ளுப்பொடியை ரொட்டியில் தூவித் தின்றுகொண்டிருந்தபோது கிடைத்தது. அவ்வளவு எளிமையாக இருந்ததில் எனக்கு அழுகை வந்தது.

வெற்று வெளியை எடுத்துக்கொள்ளுங்கள். நட்சத்திரம் இல்லை, பொருள் இல்லை, வளைவு இல்லை. சிங்குலாரிட்டி என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. அதில் 'இந்தக் கணம்' என்பதைத் தட்டையாக வெட்டாமல், கவிழ்த்த கூடை போல நடுவில் உயர்த்தி ஓரங்களில் தாழ்த்தி வெட்டுங்கள். அந்தப் பரப்புக்கு நேர்க்குத்தாகக் கிளம்புகிற ஒவ்வொருவரும் மற்றவர்களை நெருங்குகிறார். எல்லா இடத்திலும் நெருக்கம் இருக்கிறது, தூரம் போகப் போக அது குறைகிறது. அவர்கள் வருகிறார்கள், ஒருவரையொருவர் கடக்கிறார்கள், அவரவர் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். யாருடைய வழியும் முடிவதில்லை. யாருக்கும் ஒன்றும் நேர்வதில்லை.

என் உரைக்கு இரண்டு நாள் இருந்தது. நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாமல் போகலாம். நெறியாளரின் கண்ணில் படவில்லை, என் கண்ணிலேயே ஒரு வருடம் படவில்லை. கொடுத்த நேரம் அரைமணிதான். அந்த வரியை வேகமாகக் கடந்துவிடலாம். அந்த ஒரு வருடம் கிடைத்த பிறகு சாவகாசமாகத் திருத்திக்கொள்ளலாம். இதையெல்லாம் நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். டிராமில், குளியலறையில், சமையலறையில் யோசித்தேன். எவாவிடம் ஒருமுறை சொல்லலாம் என்று அவள் கதவுவரை போனேன். உள்ளே தன் மொழியில் யாரோடோ தொலைபேசியில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். திரும்பிவிட்டேன்.

கடைசியில் முடிவு செய்தது நேர்மை என்று சொல்ல மாட்டேன். கர்வம்தான். என்னுடையது என்று நான் நீட்டும் பொருளில் ஓட்டை இருக்கிறது என்று எனக்குத் தெரியும்போது அதற்குக் கிடைக்கும் பாராட்டை என்னால் வாங்கி வைத்துக்கொள்ள முடியாது.

உரை நாளில் முதல் தாளை விளக்கின் மேல் வைத்தேன். தேற்றம் சுவரில் பெரிதாக விழுந்தது. இது தவறு என்றேன். தவறான வரியைக் காட்டினேன். அடுத்த தாளில் கவிழ்த்த கூடை. அதை விளக்கினேன். கொடுத்த நேரத்தில் பாதிகூட ஆகவில்லை. உட்கார்ந்திருந்தவர்கள் இன்னும் ஏதோ வரப்போகிறது என்று காத்திருந்தார்கள். நான் நன்றி சொன்ன பிறகுதான் முடிந்துவிட்டது என்று தெரிந்து கை தட்டினார்கள்.

சன்னலோர ஆங்கிலேயர்களில் ஒருவர் எழுந்து, அப்படியானால் உங்கள் முடிவு என்ன என்று கேட்டார். முடிவு எதுவும் இல்லை என்றேன். சிலர் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. பேராசிரியர் மெதுவாக, அவருடைய வழக்கமான தன்மையோடு சொன்னார்: "இந்த உதாரணம் அழகானது. எங்கள் மாணவர்களுக்கு இதைப் பயிற்சிக் கணக்காகக் கொடுப்பதுண்டு."

மத்தியானம் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும். என் மேசைக்கு யாரும் வரவில்லை. வந்திருந்தாலும் என்ன பேசுவது என்று அவர்களுக்கும் தெரிந்திருக்காது.

அந்த ஒரு வருடம் அர்ஜென்டினாவிலிருந்து வந்த ஓர் இளைஞனுக்குப் போனது. நல்ல உரை அது. நான் அவனுக்குக் கை கொடுத்தேன். கிளம்பும் நாளில் எவா அறையில் இல்லை. மிச்சமிருந்த சிவப்புப் பருப்பை ஒரு காகிதப் பையில் போட்டு அவள் கதவுப் பிடியில் மாட்டிவிட்டு வந்தேன்.

திருப்பூர் ஸ்டேஷனில் அப்பா வந்து நின்றிருந்தார். வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறார், தலைமுடியில் பஞ்சுத் தூசி. பெட்டியை வாங்கிக்கொண்டார். வெளியே வந்த பிறகு கேட்டார்.

"கெடச்சுதா கண்ணு?"

"இல்லீங்கப்பா."

"ஏங்கண்ணு, சொல்லறப்ப ஏதாச்சும் தடுமாறீட்டியா?"

"கணக்கே தப்புங்கப்பா. அங்க போன பொறவுதான் தெரிஞ்சுது."

கொஞ்ச தூரம் நடந்தோம். சாயப்பட்டறை லாரி ஒன்று வழியை அடைத்து நின்றது, சுற்றிக்கொண்டு போனோம்.

"ஆரு கண்டுபுடிச்சது? அந்தூர்க்காரங்களா?"

"இல்லீங்கப்பா, நாந்தான். அவங்களுக்கு நானே சொன்னேன்."

அப்பா பெட்டியைக் கை மாற்றிக்கொண்டார். திங்கட்கிழமை கல்லூரிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். சரிங்கப்பா என்றேன். வழக்கமான டீக்கடை வந்தது. இரண்டு டீ சொன்னார். கடைக்காரர் என் பெட்டியைப் பார்த்துவிட்டு, சீமைக்குப் போன புள்ள வந்துருச்சாட்ட இருக்குது என்றார்.

"ஆமாங்க," என்றார் அப்பா. "ஜெர்மனி போயி, கணக்குல ஒரு தப்பக் கண்டுபுடிச்சுட்டு வந்திருக்குது."

"பரவால்லீங்களே. வெள்ளக்காரன் போட்ட கணக்குலயா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்பா ஆமாம் என்று சொல்லிவிட்டால் அதோடு முடிந்துவிடும். அந்தத் தெருவில் யாரும் சரிபார்க்கப் போவதில்லை.

"இல்லீங்க," என்றார் அப்பா. "எம்புள்ள போட்ட கணக்குலதான்."

கடைக்காரர் டம்ளரை நீட்டியபடி என்னைப் பார்த்தார். அதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று அவர் கேட்கவில்லை, ஆனால் முகத்தில் இருந்தது. போகத்தான் வேண்டியிருந்தது. நான் டீயை வாங்கிக்கொண்டேன்.